இத்தாலிக்காரனின் வால் சக்கரம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பல் டெக்னீஷியன் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் கூடத்துச் சுவர்க்கடிகாரமும், மூவருமே தினம் ஐந்து நிமிடம் பின்தங்கினாலும், நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் வேலையும் அந்தப் பழைய ஸ்கூட்டரும் அப்படியே ஓட வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்வது கௌரவம். போன மாதம் நம் பொம்மை விமானத்தின் வால் சக்கரம் தொலைந்துபோயிற்று. பட்டாணி அளவு. கறுப்புச் சாயம் அடித்து, காயட்டும் என்று மேஜையில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் காணோம். மூன்று நாள் தேடினேன். உங்கள் அத்தையின் மூக்குக்கண்ணாடியை என் கண்ணாடிக்கு மேலே மாட்டிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்ததில் அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டு பேனா மூடியும், ஒரு சட்டைப் பொத்தானும், ஆபீசில் எனக்குப் பிரிவு உபசாரத்தில் கொடுத்த கைக்கடிகாரமும் கிடைத்தன. சக்கரம் கிடைக்கவில்லை. நான்காம் நாள் கோபம் தலைக்கேறி, பெட்டியில் அச்சிட்டிருந்த முகவரிக்கு, அந்த விமானத்தை வார்த்து அனுப்பிய மனிதருக்கே ஒரு கடிதம் எழுதினேன். ‘இவ்வளவு பெரிய விமானத்தை வார்க்கத் தெரிந்த உமக்குச் சக்கரத்தை எண்ணிப் போடத் தெரியவில்லையா’ என்று காட்டமாகக் கேட்டு, தபாலில் போட்டுவிட்டு, அந்தச் சூட்டோடு முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கடைக்காரர் துணியைப் போர்த்த என் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சார், முழங்கைக்குப் பின்னாடி என்னமோ கறுப்பா வளர்ந்திருக்கே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

அவர் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். “வலிக்குதா? வலிக்கல இல்ல? சார், இது சுத்துது சார்.”

காத்திருந்த நாலு பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அதில் ஒருவர், “ஸ்டெப்னி கூடவே எடுத்துட்டுப் போறீங்களா சார்?” என்றார். நான்கு நாளாகக் குளிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கக்கூடாது. குளித்தேன். முழங்கைக்குப் பின்பக்கம் சோப்பு போவதில்லை என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. இதில் பெரிய அவமானம் என்னவென்றால், அந்த விமானக்காரர் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதி, உறைக்குள் இரண்டு சக்கரம் வைத்து அனுப்பியிருக்கிறார். ஆக இப்போது என்னிடம் மூன்று வால் சக்கரம் இருக்கிறது. வால் ஒன்றுதான்.

மேலே உங்களை விளித்திருக்கும் விதத்தைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். என் நிலைமையையும் கேளுங்கள். உங்களுக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று பாப்பாவிடம் அனுமதி கேட்டேன். பெற்ற மகளிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுகிற நிலை எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. அவள் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “எழுதுங்கப்பா. எனக்கென்ன. ஆனா மாப்பிள்ளைன்னு மட்டும் எழுதாதீங்க.” நியாயம்தானே. தீர்ப்பு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ‘திரு’ என்று ஆரம்பித்துப் பார்த்தேன், தண்ணீர் வரி நோட்டீஸ் மாதிரி இருந்தது. ‘தம்பி’ என்று போட்டேன், பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வது போல இருந்தது. சரி, பெயரைப் போடுவோம் என்று எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஆறு வருடத்தில் உங்கள் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். கடைசியில் தொழிலைப் பிடித்துக்கொண்டேன். தொழிலை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்யாது.

‘அத்தை’ என்ற சொல்லுக்குத் தடை எதுவும் வரவில்லை, ஆகவே அதை விடமாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீர்ப்பை நான் இரண்டு முறை முழுக்கப் படித்தேன். யார் யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டும் என்று பாத்திரம் பண்டம் வரை எழுதியிருக்கிறார்கள். என் மேல்வரிசையில் நீங்கள் செய்து பொருத்திய நாலு பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் அவற்றை உபயோகத்தில் வைத்திருக்கிறேன். நன்றாகக் கடிக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். விமானம் முடிந்துவிட்டது. நீங்கள் உங்கள் சாமான்களை எடுத்துப்போக வந்த அன்று, புத்தகங்களைக் கட்டினீர்கள், பல் ராவுகிற மோட்டாரைத் துடைத்து வைத்தீர்கள், அலமாரி மேலே இருந்த அந்தப் பெட்டியை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இத நீங்களே முடிங்க மாமா” என்றீர்கள். நான் என்ன கண்டேன்? ஆயுள் முழுக்கப் பார்சல் ஆபீசில் முத்திரை குத்தியவன். இரண்டாம் உலகப்போரில் இத்தாலிக்காரர்கள் சிப்பாய்களை ஏற்றி இறக்கிய மூன்று இஞ்சின் விமானம் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வயிறு பெரிதாக இருப்பதால் அதற்குக் கங்காரு என்று பட்டப்பெயராம், உங்கள் அத்தை அதையும் விட்டுவிட்டு ‘அந்த இத்தாலிக்காரன்’ என்றுதான் சொல்கிறாள், வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போகாத விருந்தாளியைச் சொல்வது போல. ஒரு வருடம் அவன் அலமாரி மேலேயே இருந்தான். கேஸ் போட்ட அன்றைக்கு எனக்கு வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வேலையா உடம்பு ரெண்டு பாதியையும் சேத்து மூடணும். மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ உள்ள பாத்தேன். சிப்பாய்ங்க உக்கார நம்ம நாப்பது சீட்டு. பெட்டிக்காரர் சீட்டே குடுக்கல, வெறும் வயிறுதான் குடுத்தாரு; நீங்கதான் ஏதோ பழைய போட்டோவப் பாத்து, ஒரு சீட்ட கையால செஞ்சு, பல் அச்செடுக்கற மாவுல அதுக்கு அச்செடுத்து, பல் செட்டுக்கு ஊத்தற அதே ரெசின ஊத்தி, ஒவ்வொண்ணா நாப்பது வார்த்தீங்க. ஏழு ஞாயித்துக்கிழமை. ஈறு கலர்ல நாப்பது சீட்டு. “கலர் இப்படி இருக்கே”ன்னு நான் கேட்டதுக்கு, “மூடிட்டா யாரு மாமா பாக்கப் போறாங்க”ன்னீங்க. அந்த ஈறு கலரப் பாத்ததும் எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு, பல்லக் கழட்டி கையில வச்சு, சீட்டுப் பக்கத்துல புடிச்சுப் பாத்தேன், ஒரே சரக்கு. உங்க அத்தை அந்த நேரம் பாத்து உள்ள வந்து, “ஏங்க, பல்லயும் அதுல ஒட்டப் போறீங்களா?”ன்னா. சரின்னு பல்ல மாட்டிக்கிட்டு, சூப்பர் க்ளூ தடவி, மூச்சப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு பாதியையும் சேத்து அழுத்தி, நூறு எண்ணி, விட்டேன். நல்லா ஒட்டிச்சு. கோடுகூட தெரியல. பெருமையா தூக்கிப் பாத்தா, உள்ள கடகடன்னு ஒரு சத்தம். ஒரு சீட்டு கழண்டு உருண்டுக்கிட்டிருக்கு. முன்னாடி சாய்ச்சா முன்னாடி ஓடுது, பின்னாடி சாய்ச்சா பின்னாடி ஓடுது. சிப்பாய் ஒருத்தர் எந்திரிச்சு, இறங்கற எடம் வந்துடுச்சான்னு பாக்கற மாதிரி. உடைச்சாத்தான் எடுக்க முடியும். உடைக்கல.

அடுத்தது இறக்கை. பெட்டியிலேயே கொஞ்சம் வளைஞ்சுதான் வந்துச்சு. ரெசின் இறக்கை வளைஞ்சிருந்தா வெந்நீர்ல முக்கி, நேர் பண்ணி, பச்சத் தண்ணியில போடணும்னு நீங்க சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருந்துச்சு. எவ்வளவு சூடுன்னு ஞாபகம் இல்ல. உங்க அத்தையோட பெரிய பாத்திரத்துல கொதிக்கற தண்ணியில போட்டேன். எடுத்தா இடது இறக்கை துவைச்ச துண்டு மாதிரி தொங்குது. பதறிப்போய் மேல வளைச்சேன், பச்சத் தண்ணியில போட்டேன், சல்யூட் அடிக்கற மாதிரி நின்னுடுச்சு. திரும்பக் கொதிக்க வச்சு கீழ வளைச்சேன், கும்புடு போடற மாதிரி ஆச்சு. நாலாவது தடவைதான் ஒரு மாதிரி நேரா வந்துச்சு, அதுவும் வலது பக்கத்தோட பாத்தா கொஞ்சம் சந்தேகம்தான். உங்க அத்தை அடுப்படி வாசல்ல இடுப்புல கை வச்சுக்கிட்டு, “எனக்கு முழங்கால் புடிச்சுக்கிட்டு ரெண்டு மாசம் ஆகுது. ஒரு நாளாவது இப்படி வெந்நீர் போட்டுக் குடுத்திருக்கீங்களா? அவன் இறக்கைக்கு நாலு தடவ ஒத்தடம்”ன்னா. மிச்ச வெந்நீர அவகிட்ட குடுத்தேன். இறக்கைய ஊறவச்ச தண்ணி எனக்கு வேணாம்னுட்டா.

இறக்கைய உடம்போட சேக்கற அன்னைக்குத்தான் அது நடந்துச்சு. ரெசின் கனம் உங்களுக்குத் தெரியும், இறக்கை நழுவப் பாத்துச்சு, க்ளூ வழிஞ்சுச்சு, நான் புடிச்சேன். அது என்னப் புடிச்சுக்கிச்சு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இறக்கை மூட்டுல ஒட்டிப்போச்சு. இழுத்தா தோல் வருது. உங்க அத்தை மருந்து வாங்கப் போயிட்டா. சரியா அந்த நேரம் வாசல்ல மணி அடிக்குது. முனைக்கு முனை நாப்பத்தோரு சென்டிமீட்டர் விமானத்தக் கையில ஏந்திக்கிட்டு போய் இடது கையால கதவத் திறந்தேன். தபால்காரர். நம்ம ஆபீஸ்ல எங்கிட்ட பார்சல் கட்டப் பழகினவர்.

“என்ன அண்ணே, ரிட்டயர் ஆனதும் பைலட் ஆயிட்டீங்களா?”

“கையெழுத்து எங்கப்பா போடணும்?”

“விமானத்த இறக்கிட்டுப் போடுங்கண்ணே.”

“இறங்காதுப்பா. ஒட்டிக்கிச்சு.”

விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே பையிலேருந்து உறையை எடுத்தாரு. எடுத்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. முப்பது வருஷ தபால்காரர், உறை மேல அச்சடிச்சிருக்கறத படிக்காத மாதிரி படிக்கத் தெரிஞ்சவர். “பாப்பா பேர்ல வந்திருக்குண்ணே. வீட்ல இருக்கா?”

“வேலைக்குப் போயிருக்கு. நான் வாங்கலாமில்ல?”

“அப்பாதானே. வாங்கிக்கங்க.”

இடது கையால போட்டேன். கையெழுத்தா அது, எறும்பு மையில விழுந்து எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு. கையில பொம்மை விமானத்தோட மகளோட விவாகரத்துத் தீர்ப்ப வாங்கின அப்பன் உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அவரு உறைய என் சட்டைப் பையில அவரே வச்சுட்டு, நான் உள்ள திரும்பறப்ப கதவ அகலமாத் திறந்து புடிச்சுக்கிட்டு, “இறக்கை இடிக்கப் போகுது, பாத்துண்ணே, பாத்து”ன்னாரு. அந்தக் குரல்ல அவரு பேசி நான் கேட்டதே இல்ல.

பாப்பா ஆறேகாலுக்கு வந்தா. நான் கூடத்துல உறையோடயும் விமானத்தோடயும் உக்காந்திருக்கேன். முதல்ல உறையப் பாத்தா. எடுத்துப் பிரிக்காமயே மேஜை மேல வச்சா. உள்ள போய் நெயில் பாலிஷ் அழிக்கற மருந்தும் பஞ்சும் எடுத்துட்டு வந்து தரையில உக்காந்து, என் கைய எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டு, சொட்டுச் சொட்டா விட்டு, விரல ஒவ்வொரு மயிரிழையாப் பிரிக்க ஆரம்பிச்சா. கண்ணாடிக் கடையில சின்னச் சின்ன திருகாணி மாட்டற கை, ரொம்பப் பொறுமை. அவ என் கையப் புடிச்சு எத்தனை வருஷமாச்சுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். பிரிக்கறப்ப விமானம் கொஞ்சம் சாஞ்சுது, கடகடன்னுது.

“உள்ள என்னப்பா சத்தம்?”

“ஒரு சீட்டு கழண்டுடுச்சும்மா.”

“எடுக்க முடியாதா?”

“உடைச்சாத்தான்.”

கொஞ்ச நேரம் பஞ்ச நனைச்சா. “மொத்தம் எத்தனை சீட்டு?”

“நாப்பது.”

“வெளியிலேருந்து தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாதுன்னு தெரிஞ்சேவா செஞ்சீங்க?”

“உள்ள இருக்குன்னு நமக்குத் தெரியுமேன்னு அவரு சொல்லுவாரும்மா.”

அவ கோபமாச் சொல்லல. சண்டை போடற மாதிரியே சொல்லல. பஞ்சப் பிழிஞ்சுக்கிட்டே, விலை கேக்கறவங்களுக்கு விலை சொல்ற மாதிரி சொன்னா: “ஆறு நாள் அவரு பல்லுக்கு. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு மாப்பிள்ளை. எனக்கு எந்தக் கிழமைன்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது யோசிச்சீங்களாப்பா?”

என் விரல் அப்பத்தான் விடுபட்டுச்சு. நான் அத வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம விரலயே பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்புறம் அவ சொன்னா. ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம பின்கட்டு ரூம் வாசலுக்கு வந்தாளாம். நீங்க முதுகக் காட்டிக்கிட்டு மோட்டார்ல ராவிக்கிட்டிருந்தீங்களாம். நான்தான் அவளப் பாத்து, “கதவச் சாத்தும்மா, தூசி வெளிய வருது”ன்னேனாம். சாத்திட்டாளாம். “அன்னைக்கு எனக்கு அவருகிட்ட ஒரு பத்து நிமிஷம் வேண்டியிருந்துச்சுப்பா”ன்னா. “என்ன விஷயமா?”ன்னு கேட்டேன். “இப்ப ஞாபகம் இல்ல”ன்னா. நாலு வயசுல அவ குடைய நான் எந்த பஸ்ல தொலைச்சேன்னு பஸ் நம்பரோட ஞாபகம் வச்சிருக்கறவ.

நான் என் பக்கத்த எடுத்துச் சொன்னேன். ரெசின் தூசி நெஞ்சுல போய் உக்காந்துக்கும், அதுக்காகத்தான் கதவச் சாத்தறது, கதவுக்கடியில ஈரத் துண்டு போடறது, எல்லாம் வீட்டு மனுஷங்க நல்லதுக்குத்தான்னேன். ஈரத் துண்டு என் சொந்தக் கண்டுபிடிப்பு, நீங்ககூட பாராட்டினீங்க. “சாத்தின பிறகு நீ அங்கயே நின்னியாம்மா? கூப்பிட்டியா? எனக்குக் கேக்கவே இல்லியே, மாஸ்க் போட்டிருந்தேனே”ன்னு சொன்னேன். உங்களுக்கே தெரியும், மாஸ்க்கப் போட்டுட்டா எனக்கு எதுவும் காதுல விழாது. உங்க அத்தை அடுப்படியிலேருந்து பால் வாங்கிட்டு வரச் சொல்லிக் கத்துவா, நாம ரெண்டு பேரும் மாஸ்க்குக்குள்ள சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். பாப்பா பாட்டில மூடினா. “சரிப்பா”ன்னா. பஞ்சயும் பாட்டிலயும் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. உறை ராத்திரி முழுக்க மேஜையிலயேதான் இருந்துச்சு.

அன்னையிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல, இத்தனைக்கும் பல் நல்லா இருக்கு. ஏழு ஞாயித்துக்கிழமையாலயா ஒரு குடும்பம் போகும்? நீங்க ரெண்டு பேருமே நல்லவங்க. குடி இல்ல, அடி இல்ல, ஒருத்தர ஒருத்தர் ஒரு தப்பு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்ல. அதுதான் எனக்குப் புரியல, எல்லாம் நல்லா மூடியிருந்துச்சு, கோடுகூட தெரியல. எங்கேயோ எது கழண்டுச்சு, எப்பக் கழண்டுச்சு? உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ‘மாமா, அதுக்கு நீங்க காரணம் இல்ல’ன்னு ஒரு வரி. ஒரு வரி எழுதி அனுப்புங்க. பாப்பாகிட்ட காட்ட மாட்டேன், அத்தைகிட்டயும் காட்ட மாட்டேன். என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள மடிச்சு வச்சுக்குவேன். அது உண்மையா இல்லாட்டியும் பரவாயில்ல.

விமானத்த பார்சல்ல அனுப்பலாமேன்னு நீங்க நினைக்கலாம். நான் ஆபீஸ் ரகசியம் ஒண்ணு சொல்றேன். ‘உடையும் பொருள், கவனம்’னு சிவப்பு முத்திரை இருக்கு பாருங்க, அத வருஷக்கணக்கா நான்தான் குத்தினேன். ஒரு நாளைக்கு முன்னூறு. குத்தின உடனே நானே அதத் தூக்கி அந்த மூலைக்கு வீசுவேன், சிவப்பா இருக்கறதால எங்க விழுந்துச்சுன்னு நல்லாத் தெரியும். அதனால பார்சல்ல நான் விடமாட்டேன். நீங்கதான் வந்து எடுத்துக்கணும். இது உங்க பொருள். எந்த நாள் வேணும்னாலும் வாங்க, காலையில பத்துக்கு மேல ஆறுக்குள்ள பாப்பா கடையில இருப்பா, யாருக்கும் சங்கடம் இல்ல. நீங்க வரலாம்னு அவகிட்டயும் சொல்லிட்டேன், ஒளிச்சு வச்சு எனக்குப் பழக்கமில்ல. “வரட்டுமே”ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, “அம்மாகிட்ட சொல்லுங்க, காபியில சக்கரை போடாம குடுக்கணும்”னா. உங்க அத்தை அதக் கேட்டுட்டு மருந்து போடணும்னு உள்ள போனவ ரொம்ப நேரம் வெளிய வரல.

மற்றபடி இங்கே எல்லாம் சௌகரியம். உங்களை ஆசீர்வதிக்க எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்று கேட்க எனக்கு வக்கீல் யாரும் கிடையாது. வயதில் பெரியவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்: நல்ல உடம்போடும், நேரத்துக்குச் சாப்பாட்டோடும், உங்களை வாசலில் எதிர்பார்த்து நிற்கிற ஒரு வீட்டோடும் நெடுநாள் இருங்கள். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மாஸ்க் போடாமல் ரெசினைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாலு பல்லை இன்றுவரை கவனமாக உபயோகித்துவரும்
பழைய பார்சல் ஆபீஸ்காரன்.

பின்குறிப்பு: விமானம் முடிந்துவிட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். முடியவில்லை. மூன்று வால் சக்கரத்தையும் ஒட்டாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். ஒட்டிவிட்டால் நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. கேட்ட அந்த ஒரு வரிய எழுத வேண்டாம். எழுதியிருந்தா கிழிச்சுடுங்க. மாஸ்க் மூக்கயும் வாயயும்தான் மூடும். காத மூடாது. உங்க அத்தை பால் வாங்கச் சொன்னது ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு உங்க காதுகிட்ட மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு, உங்களுக்குக் கேக்க வழியில்ல. நான் கதவோரம் ஈர உப்புத்தாளோட உக்காந்திருந்தேன். கதவச் சாத்தின பிறகு அவ போகல. விரல் நகத்தால ரெண்டு தட்டு தட்டினா, சின்ன வயசுல நான் குளிக்கறப்ப தட்டுவாளே அது மாதிரி. அப்புறம் அழுதா. சத்தம் போட்டு இல்ல, மூக்க உறிஞ்சற சத்தம்தான். கதவுக்கடியில அவ கால் நிழல் ரெண்டும் தெரிஞ்சுது. என் கையில ராவி முடிச்சு க்ளூ தடவின முப்பத்தொன்பதாவது சீட்டு, காயறதுக்குள்ள ஒட்டணும். நீங்க எந்திரிச்சா அன்னைக்கு ஞாயித்துக்கிழமை முடிஞ்சுடும். எனக்கு வாரத்துல ‘மாமா, அந்த ட்வீசர எடுங்க’ன்னு ஒருத்தர் கூப்பிடற நாள் அது ஒண்ணுதான். நான் காலால அந்த ஈரத் துண்ட இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளினேன். நிழல் மறைஞ்சுடுச்சு. சீட்ட ஒட்டினேன். இப்ப உள்ள உருளுதே, அது அந்தச் சீட்டாத்தான் இருக்கும்.

மாஸ்க்க ஒரு விரக்கடை கீழ இறக்கி நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: மாப்பிள்ளை, மோட்டார நிறுத்துங்க, எந்திரிச்சுப் போங்க, அவ வெளிய நிக்கறா.